லோர்னா கெடெஸ் வாங்கிய இரவு ஸ்கோப்

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? உடம்பு சௌக்கியம்தானே? முழங்கால் வலி, சளி, இருமல் ஒன்றும் இல்லையே? வீட்டில் சின்னதுகளும் பெரியதுகளும் நலம்தானே? அப்படியென்றால் நிம்மதி. தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இது எங்கள் ஒட்டாகோ பக்கத்துக் கதை. முயலைப் பற்றியது. முயல் என்றதும் "ஐயோ, பஞ்சு மாதிரி இருக்குமே" என்று உருகிவிடாதீர்கள். நியூசிலாந்தின் இந்த வறண்ட மலைப்பக்கத்தில் முயல் என்று சொன்னால் பாதிப் பேர் பல்லைக் கடிப்பார்கள்.

போன வருஷம் ஜூலையில் ஆரம்பித்தது. ஜூலைதான் எங்களுக்குக் கடுங்குளிர். மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. லோர்னா கெடெஸின் ஆப்ரிகாட் பழத் தோட்டத்தைச் சுற்றி முயல் வராமல் இருக்கக் கம்பி வலை உண்டு, மண்ணுக்குள்ளும் ஒரு முழம் புதைத்துக் கட்டியது. அடியில் தோண்டியும் வர முடியாது, மேலே தாவியும் வர முடியாது. ஆனால் அந்த மூன்று நாளும் அடித்த காற்று பனியை அள்ளிக்கொண்டு வந்து வலை ஓரமாக, வலை உயரத்துக்கே மேடு கட்டிவிட்டது. பக்கத்து மலையில் பசியோடு கிடந்த முயல்கள் அந்த மேட்டில் ஏறி, கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நடந்தே உள்ளே வந்துவிட்டன. புல்லெல்லாம் பனிக்கு அடியில். வேறு எதைத் தின்னும்? மரப்பட்டையைத் தின்றன.

நான்காம் நாள் காலையில் லோர்னா போய்ப் பார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு மரங்கள். அடுத்த வருஷம் காய்க்க வேண்டியவை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சாண் உயரத்துக்குச் சுற்றிலும் பட்டை உரிந்து, எலும்பு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. சுற்றிலும் பட்டை போன மரம் நின்றுகொண்டே சாகும். வசந்தத்தில் ஏமாற்றுவதற்கு நாலு பூ பூக்கும், அவ்வளவுதான்.

அவள் கணவர் ஆர்ச்சிக்கு இடுப்பு எலும்பு மாற்றிய பிறகு ஆடுகளை மேய்த்துக் கட்டுப்படுத்த முடியவில்லை. மந்தையை விற்றுத்தான் அந்த மரங்களை வைத்தார்கள். அதுவும் போனால் வேறு போக்கு இல்லை. நிலத்தை விற்றுவிட்டு டவுனில் இரண்டு அறை வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான். லோர்னாவுக்கு அறுபத்திரண்டு வயது. அவளை அப்படி உட்கார வைப்பது கடிகாரத்தைத் தண்ணீரில் போடுவதற்குச் சமம்.

அன்றைக்கு மத்தியானமே முரே டிண்டல் வேலியோரம் வந்து நின்றான். அந்த மலைக்குச் சொந்தக்காரன் அவன்தான்.

"அடடா, அடியோட போச்சே லோர்னா" என்றான். "என்ன பண்றது, முயலுக்கும் வாயும் வயிறும் இருக்குதே."

"உன் மலையிலேருந்து வந்ததுதான் முரே."

"நான் என்ன அனுப்பியா வச்சேன்? இந்தாப் பாரு, மரம் உனக்கு ராசியில்ல. நிலத்தை என்கிட்ட குடுத்துடு. என் விருந்தாளிங்களுக்கு வண்டி நிறுத்த இடம் பத்தல."

விருந்தாளிகள் யார் தெரியுமா? நகரத்திலிருந்து பணம் கட்டி முயல் சுட வருகிறவர்கள். மலை அடிவாரத்தில் எட்டு அறை கட்டி, சுடச்சுடக் குளிக்கத் தொட்டி வைத்து, ராத்திரியானால் பெரிய விளக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். முயல் இல்லாவிட்டால் அவனுக்குப் பிழைப்பு இல்லை. அதனால் மற்றவர்கள் எல்லாரும் முயலை ஒழிக்கப் பாடுபடும்போது அவன் மட்டும் பொத்திப் பொத்தி வளர்த்தான். எங்கள் ஊர்ச் சட்டப்படி அது குற்றம். நிலத்துக்காரன்தான் தன் நிலத்து முயலைக் குறைக்க வேண்டும். வட்டார கவுன்சில் ஆள் வந்து கேட்டால், "என்னால முடிஞ்சதைச் செய்யறேன்யா, அடங்க மாட்டேங்குது" என்று கண்ணைக் கசக்குவான். ஊருக்கே தெரியும். நிரூபிக்கத்தான் ஆள் இல்லை.

லோர்னா அன்று இரவு சாப்பிடவில்லை. ஆர்ச்சி சூப்பைச் சூடு பண்ணி இரண்டு தரம் வைத்தார்.

"விட்டுத் தொலைடி" என்றார். "ஆத்திரப்பட்டா மரம் முளைக்குமா?"

"மரம் நான் வைப்பேன். அவன் மலையில ஒரு முயல் இல்லாம பண்ணிட்டுத்தான் ஓய்வேன். அவன் விருந்தாளிங்க வந்து வெறும் பாறையைப் பாத்துட்டுப் போகணும்."

"அவன் நிலத்துல கால் வச்சா கேஸ் போட்டுருவான்."

"கால் வைக்க மாட்டேன்."

வசந்தத்தில் கடன் வாங்கி மறுபடியும் மரம் வைத்தார்கள். மூன்றாவது தரம் என்பது கிடையாது என்று பாங்க்காரர் சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பினார். அடுத்த ஜூலைக்குள் மலையைக் காலி பண்ண வேண்டும். லோர்னாவின் கணக்கு அவ்வளவுதான்.

ஜனவரியில் ஒரு நாள் அலெக்சாண்ட்ரா டவுனுக்குப் போனாள். அங்கே நைரியின் கடை. துப்பாக்கி, தூண்டில், பூட்ஸ் எல்லாம் கிடைக்கும். நைரியும் லோர்னாவும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

"வாடி" என்றாள் நைரி. "சுடறதுக்கா, யாரையாவது பயமுறுத்தறதுக்கா?"

"ரெண்டுக்கும். பாயிண்ட் இருபத்திரண்டு துப்பாக்கி ஒண்ணு இருக்கு, சத்தம் அடக்கற குழாயும் இருக்கு. துப்பாக்கி மேல மாட்டி ராத்திரியில குறி பாக்கற ஸ்கோப் வேணும்."

நைரி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து வைத்தாள். "இது தெர்மல். உடம்புச் சூட்டைப் பாக்கும். எதிர் மலையில முயல் நின்னாக்கூட வெள்ளைப் பொட்டாத் தெரியும். எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க."

"எங்க பக்கத்துப் பாறை நாள் பூரா வெயில் குடிச்சுட்டு ராத்திரி பத்து மணி வரைக்கும் ரொட்டி அடுப்பு மாதிரி இருக்கும். அதுவும் பொட்டாத் தெரியுமா?"

"தெரியும். கொஞ்சம் பழகணும்."

"வேலிக் கம்பி தெரியுமா?"

நைரி யோசித்தாள். "கம்பிக்கு ஏதுடி சூடு? சரியாத் தெரியாது."

"அப்ப வேண்டாம். முயல் கம்பிக்கு இந்தப் பக்கம் நிக்குதா அந்தப் பக்கம் நிக்குதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். என் பக்கம் நிக்கறதை மட்டும்தான் தொடுவேன்."

நைரி தெர்மலை உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். "அப்ப இது. பகல்லயும் பாக்கலாம், ராத்திரியிலயும் பாக்கலாம். கம்பி, புல்லு, காது, மீசை எல்லாம் தெரியும். இதுமேல ஒரு விளக்கு மாட்டணும். அந்த வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாது, ஸ்கோப்புக்குத் தெரியும். விளக்குல ரெண்டு தினுசு. எண்ணூத்தி அம்பதுன்னு போட்டிருக்கறது ரொம்ப தூரம் போகும். ஆனா முயல் பக்கத்துலேருந்து பாத்தா, அணையப் போற கங்கு மாதிரி ஒரு செவப்புப் பொட்டு தெரியும். தொள்ளாயிரத்து நாப்பதுல அது கிடையாது, சுத்த இருட்டு. ஆனா எண்பது மீட்டருக்கு மேல ஒண்ணும் தெரியாது."

"செவப்புப் பொட்டைப் பாத்தா ஓடிருமா?"

"சாதாரண முயல் ஓடாது."

"டிண்டல் மலை முயல் காலேஜ் படிச்ச முயல்டி. அவன் விருந்தாளிங்க வாராவாரம் குடிச்சுட்டு வந்து விளக்கடிச்சுக் குறி தப்பி, எல்லாத்தையும் படிக்க வச்சுட்டானுங்க. வண்டிச் சத்தம் தெரியும், வெளிச்சம் தெரியும். தொள்ளாயிரத்து நாப்பதையே குடு."

"எண்பது மீட்டர்தான். பின்னால வந்து அழக் கூடாது."

"நான் போக மாட்டேன். வர வைக்கறேன்."

அந்த நேரம் பார்த்து யார் உள்ளே வருகிறான்? முரே டிண்டல்தான். மேஜை மேல் இருந்த ஸ்கோப்பைப் பார்த்தான், பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்தான், வாய்விட்டுச் சிரித்தான்.

"எண்பது மீட்டரா! அதுக்குத் துப்பாக்கி எதுக்கு லோர்னா? நடந்து போய்க் காதைப் புடிச்சுத் தூக்கிட்டு வந்துரலாமே."

கடையில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். முரே, இருப்பதிலேயே பெரிய தெர்மலைக் காட்டி, "ஈஸ்டருக்குப் பன்னெண்டு பேர் வர்றாங்க நைரி. இதுல நாலு குடு" என்றான். வெளியே போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "மரம் எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"நல்லா இருக்கு" என்றாள் லோர்னா. அப்படிச் சொல்லிவிட்டு வாயை மூடியபோது பல்லைக் கடித்த கடியில் கடைவாய்ப் பல் ஒன்று விண்டுபோனது. துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஸ்கோப்புக்குப் பணம் கொடுத்தாள்.

அவள் போட்ட திட்டம் இதுதான். தோட்டத்து வலைக்கும் டிண்டல் வேலிக்கும் நடுவில் அவளுக்கு ஒரு நீளத் துண்டு நிலம் உண்டு. அதில் குதிரை மசால் தீவனப் பயிர் போட்டிருந்தார்கள். பிப்ரவரி வெயிலில் டிண்டல் மலை முழுக்கப் பழுப்பாகிவிடும், ஒரு பச்சை இலை இருக்காது. லோர்னா மற்ற எல்லா இடத்துக்கும் தண்ணீரைக் குறைத்து, இந்தத் துண்டுக்குத் திருப்பிவிட்டாள். அறுத்து வைக்கோலாக்க வேண்டியதை அறுக்காமல், புல் வெட்டுகிற மாதிரி ஒட்ட வெட்டிவிட்டாள். இரண்டே நாளில் தளதளவென்று இளந்துளிர் வந்தது.

ஒட்ட வெட்டியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. முதல் ராத்திரி வெட்டாமல் உட்கார்ந்தாள். கண்ணுக்கு முன்னால் நிற்கும் தண்டுகளில் விளக்கு பட்டுத் திருப்பியடித்து, ஸ்கோப்பில் பாலைக் கொட்டின மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. தண்டுகளுக்குப் பின்னால் இருபது முயல் கொறிக்கிற சத்தம் கேட்கிறது, ஒன்றும் தெரியவில்லை. அப்படியே சுட்டிருந்தால் குறி தப்பியிருக்கும். சுடாமல் எழுந்து வந்தாள்.

ஊரில் சிரித்தார்கள். ஆர்ச்சியும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"முயலுக்குச் சமைச்சுப் போடறியாடி?"

"ஆமா. கடைசிச் சாப்பாடு வாய்க்கு ருசியா இருக்கட்டும்."

முதல் ஒரு வாரம் சுடவே இல்லை. பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, காற்று எதிரே வருகிற மாதிரி உட்கார்ந்து, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். முயல்கள் கம்பிக்கு அடியில் குனிந்து வருவது தெரிந்தது. எது முதலில் வரும், எது எழுந்து நின்று காவல் பார்க்கும், எது குட்டி போடப்போகிறது என்று எல்லாம் தெரிந்தது. தெரியத் தெரிய அவளுக்கு இரக்கம் வரவில்லை. ஒவ்வொன்றின் வாயும் அசையும்போது வெள்ளையாக உரிந்த அடிமரம்தான் கண்முன் வந்தது. அந்த மரங்களை உரித்தவை இதே பற்கள், அல்லது இதைப் பெற்றவளின் பற்கள்.

எட்டாம் நாள் ஆரம்பித்தாள். பின்னால் தனியாக நிற்பதை முதலில், முன்னால் இருப்பவற்றுக்குத் தெரியாமல். டப் என்று புத்தகத்தை மூடின அளவு சத்தம். மற்றவை தலையைத் தூக்கும், விளக்கும் இல்லை, வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. மறுபடியும் குனிந்து கொறிக்கும். ஒன்று தப்பினால் அன்றைக்குக் கடையைக் கட்டிவிடுவாள். தப்பிப் பிழைத்தது போய் மற்றதுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது அவள் சட்டம். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கால் இருந்தால்கூடச் சுட மாட்டாள். காத்திருப்பாள். அவளுக்கு எவ்வளவு பொறுமை என்று ஆர்ச்சிக்கே அப்போதுதான் தெரிந்தது. நாற்பது வருஷத்தில் அவருக்கு அதில் ஒரு சிட்டிகை கிடைத்ததில்லை.

பிப்ரவரி போய் மார்ச் வந்தது. கெடெஸ் வீட்டில் முயல் ஸ்ட்யூ, மாவுக்குள் வைத்துச் சுட்ட முயல் பை, முயல் வறுவல். பக்கத்துப் பண்ணை நாய்களெல்லாம் கொழுத்துத் திரிந்தன. ஆர்ச்சி கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரு முட்டை பொரிச்சுக் குடுடி, புண்ணியமாப் போகும்." மார்ச் கடைசியில் அவள் விடிய விடிய உட்கார்ந்தும் மூன்றோ நான்கோதான் வந்தன. காலையில் அவள் மலையைப் பார்த்தபோது அது வாய் பேசாமல் கிடந்தது. ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது தன்னையறியாமல் சிரித்தாள்.

ஈஸ்டர் வந்தது. பன்னிரண்டு பேர் நான்கு வண்டியில் வந்து இறங்கினார்கள். இரண்டு ராத்திரி மலை முழுக்க அலைந்தார்கள். மூன்று முயலையும் ஒரு பாறையையும் சுட்டார்கள். பாறையைச் சுட்டவர் கிறைஸ்ட்சர்ச்சில் பெரிய வக்கீலாம், படுத்துத் தூங்குகிற முயல் என்று நினைத்தாராம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே எல்லாரும் காசைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நைரி போனில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. லோர்னா, "பாறை எப்படி இருக்காம்?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரம் ஊர்மன்றத்தில் வருஷாந்தர முயல் ஒழிப்புக் கூட்டம். எல்லாப் பண்ணைக்காரர்களும் வருவார்கள். சீஸ் வைத்துச் சுருட்டிச் சுட்ட ரொட்டி, பெரிய பாத்திரத்தில் தேநீர். கவுன்சிலிலிருந்து ஃபெர்கஸ் என்ற சின்ன வயது அதிகாரி வந்து, ஒவ்வொருவர் நிலத்திலும் முயல் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்வார்.

"மிஸஸ் கெடெஸ், உங்க பக்கம்?"

"லோர்னான்னே கூப்பிடு தம்பி. நல்லாக் குறைஞ்சிருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். பின் வரிசையில் நாற்காலி ஒன்று தடாலென்று விழுந்தது. முரே எழுந்து நின்றான். முகம் பீட்ரூட் மாதிரி.

"குறையாம என்ன செய்யும்! திருடி! இவ என் முயலைத் திருடிட்டா!"

ஃபெர்கஸ் நிமிர்ந்தார். "என்னது சார்?"

"என் முயல்! பச்சையைக் காட்டி இழுத்து, திருட்டுத்தனமா இருட்டுல உக்காந்து ஒண்ணு விடாமச் சுட்டுட்டா. ஒம்போது வருஷமா வளர்த்தேன்யா! குட்டி போடற சீசன்ல ஒருத்தனைச் சுட விட்டதில்ல. ஒரு பிடி விஷம் வச்சதில்ல. குளிர்ல என் செலவுல வைக்கோல் போட்டேன். எல்லாம் போச்சு!"

மன்றத்தில் ஒருவர் கடித்த ரொட்டியை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார். முரேயின் வாய் இன்னும் திறந்திருந்தது. தான் சொன்னது தன் காதுக்கே அப்போதுதான் எட்டியிருக்க வேண்டும். மெதுவாக மூடினான்.

லோர்னா திட்டம் போட்டது மலையைக் காலி பண்ணுவது வரைக்கும்தான். இந்தப் பரிசை அவள் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கொஞ்சம் நிதானமாச் சொல்லு முரே" என்றாள். "தம்பி எழுதிக்கணும்ல."

ஃபெர்கஸ் எழுதிக்கொண்டார். இரண்டு பக்கம். கேட்டவர்கள் நாற்பது பேர், அத்தனை பேரும் கையெழுத்துப் போடத் தயார்.

மே மாதம் உத்தரவு வந்தது. மலையின் மேல்பக்கத்துப் பொந்துகளில் இருக்கும் மிச்ச முயல்களையும் குளிர்காலம் முடிவதற்குள் ஒழிக்க வேண்டும், இல்லையென்றால் கவுன்சிலே வந்து விஷக் கேரட் தூவிவிட்டுச் செலவை அவனிடம் வசூலிக்கும். விஷம் தூவினால் மலையை மூட வேண்டும், விடுதியைத் திறக்க முடியாது. விளக்கைக் கண்டு ஓடுகிற முயலைச் சுடுவதற்கு அந்தப் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. முரே ஒரு சாயங்காலம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கெடெஸ் வீட்டு வாசலில் நின்றான். லோர்னா உள்ளே கூப்பிடவில்லை.

"மிச்சத்தை நீ சுட்டுக் குடு லோர்னா. என்ன கேட்டாலும் தர்றேன்."

"மாட்டேன்."

"முடியாதா?"

"முடியும். மனசில்ல."

"நான் திவாலாயிருவேன்."

"நானும் ஆக இருந்தேன் முரே. நீ வேலியோரம் நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தே."

கதவைச் சாத்தினாள். உள்ளே ஆர்ச்சி, "கொஞ்சம் பாவம் பாத்திருக்கலாம்" என்றார். "நீங்க பாருங்க, நான் வேணாங்கல" என்று சொல்லிவிட்டு அவள் உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள்.

ஜூன் கடைசியில் கேரட் தூவினார்கள். ஜூலையில் பனி வந்தது, போன வருஷத்தைவிட அதிகமாக. காற்றும் அதேபோல் வலையோரம் மேடு கட்டியது. பனி நின்ற காலையில் லோர்னா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். மேட்டின் மேல் குனிந்து பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, ஒரு தடம் இல்லை. அப்போதும் நம்பவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு கன்றுகளின் அடியிலும் பனியை விலக்கி, விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள். பட்டை இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. முடிக்கும்போது விரல்களில் உணர்ச்சியே இல்லை. வீட்டுக்கு வந்து தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் ஆர்ச்சி பிடித்துக் குடிக்க வைத்தார்.

அப்புறம் அவள் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். நேர் வழியில் போகவில்லை, டிண்டல் விடுதி வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். பூட்டிய கேட்டில் மஞ்சள் பலகை தொங்கியது: விஷம் தூவிய இடம், உள்ளே வரக் கூடாது. வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். இப்போதும் வாரம் ஒரு தரம் கடைக்கு அந்த வழியாகத்தான் போகிறாளாம்.

முரே வாசலில் வந்து நின்ற அன்று அவள் கதவைச் சாத்தியிருக்கக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? உங்கள் தோட்டத்தை ஏதாவது தின்று தீர்த்ததா, எலியோ பன்றியோ குரங்கோ, இல்லை பக்கத்து வீட்டுக்காரரோ? என்ன செய்து தீர்த்துக்கொண்டீர்கள்? ஒன்றும் விடாமல் எழுதி அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.